இடி இடிக்கும்போது பனையடியில் ஒதுங்கலாமா?

புதுச்சேரி நகரைத் தாண்டி மேற்கே வில்லியனூர்ப் பக்கமோ, தெற்கே பாகூர்ப் பக்கமோ சென்றால் ஏரிக்கரையிலும் வரப்பிலும் பனைகள் நிற்பதைக் காணலாம். வயலில் வேலையாக இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டால் நம் விவசாயிகள் பெரும்பாலும் ஒதுங்குவது இந்தப் பனையடியில்தான். "இடி விழுந்தாலும் பனை வாங்கிக்கொள்ளும், நமக்கு ஒன்றும் ஆகாது" என்ற எண்ணமும் பலரிடம் உள்ளது. இதில் முன்பாதி சரி. பின்பாதிதான் உயிரை வாங்குகிறது.

திறந்த வெளியில் உயர்ந்து நிற்கும் பொருளிலேயே மின்னல் பெரும்பாலும் இறங்கும். கட்டடங்களில் வைக்கும் இடிதாங்கியிலிருந்து கனமான உலோகப் பட்டை ஒன்று மண்ணுக்குள் செல்கிறது. மின்சாரம் அதன் வழியே தடையின்றி இறங்கிவிடும். பனையின் தண்டு அப்படியன்று. அது மின்சாரத்தை எளிதில் கடத்தாது. அருகில் நிற்கும் மனித உடல் அதைவிட எளிய வழி. ஆகவே மரத்தில் இறங்கும் மின்னல் பாதியில் ஆளின் மேல் தாவிவிடுகிறது.

மின்னலும் மின்சாரமே என்று முதன்முதலில் மெய்ப்பித்தது பிரான்சில்தான். டூப்ளே புதுச்சேரியில் கவர்னராக இருந்த காலத்தில், 1752 மே 10-ஆம் தேதி, பாரிசுக்கு அருகே மார்லி என்னும் ஊரில் உயரமான இரும்புக் கம்பியை நட்டு, இடிமேகம் வந்தபோது அதிலிருந்து தீப்பொறி எடுத்துக் காட்டினார்கள். மறு ஆண்டே ருஷ்யாவில் இதுபோன்ற சோதனை செய்த ரிக்மன் என்ற விஞ்ஞானி, மண்ணோடு இணைக்கப்படாத கம்பியின் அருகே நின்றதால் மின்னல் தாவி இறந்தார். பனையடியில் நிற்பவரின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மின்னல் சாவுகளைக் குறைக்க ஒடிசா அரசு 2024-இல் பனை நடும் திட்டம் வகுத்தது உண்மைதான். மின்னல் ஆளை விட்டு மரத்தில் விழட்டும் என்பதற்காக அத்திட்டம்; மரத்தடியில் ஆட்கள் ஒதுங்குவதற்காக அன்று.

அப்படியானால் வயலிலேயே நின்றுவிடலாமா? கூடாது. 2025 அக்டோபர் 16-ஆம் தேதி கடலூர் மாவட்டம் கழுதூரில் மக்காச்சோளக் கொல்லையில் வேலை செய்துகொண்டிருந்த நான்கு பெண்கள் மின்னல் தாக்கி இறந்தனர். 2022-ஆம் ஆண்டில் மட்டும் நாடு முழுவதும் மின்னலுக்குப் பலியானோர் 2,887 பேர்.

இடி இடித்தால் "அர்ச்சுனா, அர்ச்சுனா" என்பது நம் வழக்கம். அத்துடன் எண்ணவும் பழகிக்கொள்ளுங்கள். மின்னல் வெட்டியதும் ஒன்று, இரண்டு என்று நிதானமாக எண்ண வேண்டும். ஒலி ஒரு கிலோமீட்டர் வர ஏறத்தாழ 3 விநாடி ஆகும். 30 எண்ணுவதற்குள் இடி கேட்டால் மின்னல் 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறது; அடுத்தது உங்கள் வயலிலேயே விழலாம். மழைக்குக் காத்திராதீர்கள். மழை விழாத இடத்திலும் மின்னல் விழும். "இந்த ஒரு பாத்தி முடியட்டும்" என்பதுதான் ஆபத்து. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆன பிறகே வயலில் இறங்க வேண்டும்.

ஒதுங்க ஏற்றது கான்கிரீட் வீடு. இல்லையேல் கண்ணாடிகளை ஏற்றிவிட்ட பஸ், கார். கீற்றுக் கொட்டகை மழைக்கு உதவும், மின்னலுக்கு உதவாது. பம்ப்செட் அறை கட்டடமாக இருந்தாலும் ஸ்விட்சையும் குழாயையும் தொடாதீர்கள். செல்போன் மின்னலை இழுக்காது. சார்ஜ் ஏற்றும்போது பேசுவதுதான் தவறு. அதில் "தாமினி" செயலியைப் போட்டுக்கொண்டால் சுற்றுவட்டாரத்து மின்னல் எச்சரிக்கை கிடைக்கும்.

எங்கும் போக வழியில்லையா? மரம், கம்பிவேலி, மின்கம்பம், தண்ணீர் இவற்றை விட்டு விலகி, ஒருவருக்கொருவர் எட்டி இருந்து, பாதங்களைச் சேர்த்துக் குந்த வேண்டும். படுக்கக் கூடாது. இது ஆபத்தைச் சற்றுக் குறைக்குமே தவிர முழுப் பாதுகாப்பு ஆகாது. மாடுகளையும் மரத்தில் கட்டாதீர்கள். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். மண்ணில் பரவும் மின்சாரம் ஒரு காலில் ஏறி, நெஞ்சு வழியாகப் பாய்ந்து மறு காலில் இறங்கும். ஒரே மரத்தடியில் பல மாடுகள் சேர்ந்து மடிவது இதனால்தான்.

மின்னல் தாக்கியவர் உடம்பில் மின்சாரம் தங்கியிருக்காது, பயப்படாமல் தொடலாம். 108-க்குச் சொல்லிவிட்டு, பேச்சு மூச்சில்லாமல் கிடந்தால் மல்லாக்கக் கிடத்தி, நெஞ்சின் நடுவில் இரு கைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை 2 அங்குலம் அமுங்கும்படி அழுத்த வேண்டும். வண்டி வரும்வரை ஆள் மாற்றி ஆள் செய்யுங்கள். இறந்துவிட்டதாக நினைத்தவர்கள் பிழைத்ததுண்டு. பலர் விழுந்திருந்தால், முனகுகிறவரை அல்ல, அசைவற்றுக் கிடப்பவரையே முதலில் கவனிக்க வேண்டும்.