பழைய கதவில் புதுக் கட்டில்!
10-க்கு 8 லாட்ஜ் அறையில் இரண்டு பேர் படுக்க வழி

திருவல்லிக்கேணி மேன்ஷன் அறைகளில் தங்கியவர்களுக்குத் தெரியும். கட்டிலைப் போட்டால் காலை வைக்க இடம் கிடையாது. பெட்டி கட்டிலுக்கு அடியில். சாப்பாடு கட்டிலுக்கு மேலே!

அறை 10 அடிக்கு 8 அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். 80 சதுர அடி. 6 அடிக்கு 3 அடிக் கட்டில் இரண்டு போட்டால் 36 சதுர அடி காலி. கிட்டத்தட்ட பாதி அறை போச்சு.

இதற்கு வழி ரெயிலிலேயே இருக்கிறது. மூன்றடுக்குப் பெட்டியில் நடுப் பலகை பகலில் முதுகு சாய உதவுகிறது. இரவில் சங்கிலியில் தொங்கி படுக்கையாகிறது. லாட்ஜ் சுவரிலும் இதைச் செய்யலாமே! கீழே பெட்டி மாதிரி ஒரு பெஞ்சு, மூடியைத் தூக்கினால் துணிமணி வைக்கலாம். மேலே மடக்குப் பலகை. ஜன்னல் ஓரம் கீல் போட்ட மடக்கு மேஜை. ஒருவர் வந்தால் ஒரு படுக்கை, இருவர் வந்தால் இரண்டு.

இடித்த வீட்டுத் தேக்கு

மரத்துக்கு எங்கே போவது? புதுத் தேக்கு விலையைக் கேட்டால் லாட்ஜ் முதலாளி ஓடியே போவார். இடித்த வீட்டு சாமான் விற்கும் கடைகளில் பழைய கதவு, நிலை, உத்தரம் கிடைக்கும். செட்டிநாட்டு வீடுகளின் பர்மா தேக்கு காரைக்குடி முனீஸ்வரன் கோவில் தெருக் கடைகளுக்கு வந்தது ஊரறிந்த சங்கதி. பல வருஷம் காய்ந்த மரம் லேசில் முறுக்கிக்கொள்ளாது.

அதற்காக கண்ணை மூடிக்கொண்டு வாங்கிவிடாதீர்கள். வைரம் பாயாத வெளிர் ஓரத்தைக் கரையான் அரித்திருக்கும், தட்டிப் பாருங்கள். காந்தம் வைத்து ஆணி தேடுங்கள். ஒளிந்திருக்கும் ஒரே ஆணி ரம்பத்தின் பல்லைப் பெயர்த்துவிடும். ரசீதும் கேளுங்கள். பூட்டிக் கிடக்கும் வீட்டில் பெயர்த்த கதவாக இருந்தால்? திருட்டுப் பொருள் என்று தெரிந்து வாங்கினால் பாரதிய நியாய சன்ஹிதா 317-வது பிரிவின்படி 3 ஆண்டு வரை ஜெயில்!

பழசு வேண்டவே வேண்டாம்

மரத்தில் மிச்சம் பிடியுங்கள், உயிரில் வேண்டாம். சங்கிலி, போல்ட், கீல் எல்லாம் புதுசாக இருக்கட்டும். நாலரை அங்குலச் சுவரை நம்பி ஆள் படுக்கும் பலகையைத் தொங்கவிடக் கூடாது. பாரம் தரையில் இறங்க கால் கொடுக்க வேண்டும்.

பழைய ஒயர், சுவிட்சு பக்கம் போகாதீர்கள். உறை காய்ந்து உதிர்ந்த ஒயரில் ஒரு பொறி போதும். சுற்றிலும் மரம்! பழைய ஆஸ்பெஸ்டாஸ் ஷீட்டும் கூடாது. அறுத்தால் பறக்கும் தூசு புற்றுநோய் தரும்.

பழைய இரும்புக் கிராதியை ஜன்னலில் அடைத்து வெல்டிங் வைப்பவர்களும் உண்டு. அப்புறம் தீப்பிடித்தால் எந்த வழியாக வருவது? கிராதியில் ஒரு பகுதியாவது உள்ளிருந்து திறக்க வேண்டும். இரண்டு படுக்கையும் விரித்த நிலையில் கதவு முழுசாகத் திறக்கிறதா என்று பார்த்த பிறகே ஆசாரிக்குக் கூலி கொடுங்கள்.