ஊருக்குத் திரும்புவதா, இங்கேயே இருப்பதா? – ஒரு கணக்கு

பணி ஓய்வு நெருங்கியதும் நம் குடும்பங்களில் தவறாமல் எழும் கேள்வி இது. கணவர் ஒன்று சொல்வார், மனைவி வேறொன்று சொல்வார். பேச்சு சுற்றிச் சுற்றி வரும். காப்பி ஆறியதுதான் மிச்சம்.

இத்தகைய சிக்கல்களுக்காக, ஈராக்கின் மோசூல் நகரில் பிறந்து அமெரிக்காவில் பேராசிரியராக இருந்த தாமஸ் சாட்டி (1926–2017) 1970களில் ஒரு முறையை வகுத்தார். எல்லாவற்றையும் ஒரேயடியாக எடைபோட வேண்டாம், இரண்டிரண்டாக ஒப்பிட்டால் போதும் என்பதே அதன் சாரம். இரண்டும் சமம் என்றால் 1. ஒன்று ஓரளவு முக்கியம் என்றால் 3. மிக மிக முக்கியம் என்றால் 9. இடைப்பட்ட எண்களும் உண்டு. திருப்பிச் சொன்னால் 1/3, 1/9.

பிள்ளைகள் பக்கத்தில் இருப்பது, வைத்திய வசதி, மாதச் செலவு என்று மூன்று விஷயங்களை எடுத்துக்கொள்வோம். பிள்ளைகள் வைத்தியத்தைவிட 2 மடங்கு முக்கியம். வைத்தியம் செலவைவிட 3 மடங்கு. அப்படியானால் பிள்ளைகள் செலவைவிட 6 மடங்கு என்றாக வேண்டும். இவற்றை 3க்கு 3 கட்டத்தில் எழுதி, ஒவ்வொரு வரிசையையும் பெருக்கிக் கனமூலம் கண்டு, மூன்றின் கூட்டுத்தொகையால் வகுத்தால் எடைகள் 0.60, 0.30, 0.10 என வரும்.

ஆனால் மனிதர் அப்படிப் பேசுவதில்லை. "பிள்ளைகளா, செலவா?" என்று தனியாகக் கேட்டால், பென்ஷன் தொகை நினைவுக்கு வந்து, "செலவுதான் 2 மடங்கு" என்பார்கள். அப்போதும் கணக்கு நிற்காது, 0.33, 0.38, 0.29 என்று சமர்த்தாக விடை தரும். ஆபத்து இங்கேதான்.

ரயில்பாதைக்கு லெவல் எடுக்கும்போது, புறப்பட்ட பெஞ்ச் மார்க்குக்கே திரும்பி வந்து எவ்வளவு வித்தியாசம் என்று பார்ப்போம். சாட்டியும் அப்படி ஒரு சோதனை வைத்தார். நம் பதில்களில் உள்ள முரண்பாட்டை, கண்ணை மூடிக்கொண்டு எண்களை நிரப்பினால் சராசரியாக வரும் முரண்பாட்டால் வகுப்பது. 0.10க்குள் இருந்தால் ஏற்கலாம். மேலே சொன்ன குழப்பத்துக்கு 0.63! ஆறுக்குப் பதில் 4 என்று சொல்லியிருந்தால் 0.016 மட்டுமே, அதைப் பொருட்படுத்த வேண்டியதில்லை.

விகிதம் கூடினால் எண்ணை மாற்றி ஒப்பேற்றக் கூடாது; அது லெவல் புத்தகத்தில் அழித்து எழுதுவது போல. எந்தப் பதில் இடிக்கிறது என்று உட்கார்ந்து பேச வேண்டும். பெரும்பாலும் சொல்லில்தான் கோளாறு இருக்கும். "செலவு" என்று ஒருவர் வாடகையைச் சொல்லியிருப்பார், மற்றவர் மருந்துச் செலவை. மருந்துச் செலவு வைத்தியத்தில் சேர்ந்ததா, செலவில் சேர்ந்ததா என்று முடிவு செய்தாலே பாதித் தகராறு தீர்ந்துவிடும். இன்னொன்று: விகிதம் பூஜ்யமாக வந்தாலும் முடிவு சரி என்று அர்த்தமில்லை. முரணே இல்லாமல் தப்பாக நினைப்பவரும் உண்டு.

எடைகள் படிந்த பிறகு, ஒவ்வொரு விஷயத்திலும் சொந்த ஊரையும் இந்த நகரத்தையும் அதேபோல் ஒப்பிட்டு, எடையால் பெருக்கிக் கூட்ட வேண்டும். அங்கே இரண்டே இரண்டு இடங்கள் என்பதால் முரண்பாட்டுக்கு வழியில்லை.