விளைவுக்குத் தக்க வாரம்

பெரம்பலூரைத் தாண்டிச் சென்னை நோக்கிச் செல்லும் ராஜபாட்டையில் இருக்கிறது வாலிகண்டபுரம். மோட்டாரில் போகிறவர்கள் வாலீசுவரர் கோபுரத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போகிறார்கள். சுற்றிலுமோ வானம் பார்த்த பூமி. மழை பொய்த்த வருஷத்திலும் வரி கேட்டால் குடியானவன் என் செய்வான்? முற்காலத்தில் அவன் அறிந்த வழி, ஊரை விட்டு ஓடிப்போவது.

1429-ஆம் ஆண்டில் இச்சீமையார் அவ்வழியைக் கைவிட்டனர். விஜயநகரத்து இரண்டாம் தேவராயர் காலம் அது. அதிகாரிகளும் காணியாளரும் செய்த கொடுமை தாங்காமல், வலங்கையாரும் இடங்கையாரும் தங்கள் பகையை மறந்து கூடினர். பெரம்பலூர்ப் பக்கத்து ஆடுதுறையிலும், விருத்தாசலம், கொறுக்கை முதலிய ஊர்களிலும் கோயில்களில் சாஸனம் வெட்டினர். ஒற்றுமையின்றி இருந்ததாலேயே அநியாயத்துக்கு ஆளானோம். இனி விளைவுக்குத் தக்கதையே கொடுப்போம் என்கிறது கொறுக்கைச் சாஸனம். அதிகாரிகளுக்குக் கணக்கெழுதவும் மாட்டோம் என்றனர் விருத்தாசலத்தில். காந்தி மகான் பிறப்பதற்கு 440 ஆண்டுகளுக்கு முன்பே ஒத்துழையாமை! (அஹிம்சை என்று மட்டும் நாம் சொல்லத் துணியோம்.)

அன்றைய வழக்கு வரியைப் பற்றியது. குத்தகை வாரத்துக்கும் அதே நியாயம் கிடைக்க 1956 வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. அவ்வாண்டுச் சட்டம் நன்செய் விளைவில் நூற்றுக்கு 40 பங்குக்கு மேல் வாரம் கூடாதென்றது. பின்னர் அது 25 ஆயிற்று. நில உச்சவரம்பு 1961-இல் 30 தர ஏக்கராகவும், 1970-இல் 15 ஆகவும் விதிக்கப்பட்டது.

ஆனால், வாய்மொழிக் குத்தகைக்காரன் எந்தக் காகிதத்தைக் காட்டி அப்பங்கைக் கேட்பான்? அதற்காகவே 1969-இல் குத்தகை உரிமைப் பதிவுச் சட்டம் வந்தது. அன்று கணக்கெழுத மறுத்தவனின் சந்ததி, இன்று கணக்கில் தன் பெயரை எழுதச் சொல்லித் தாலுகா கச்சேரி வாசலில் நிற்கிறது.