கடலை நோக்கிய மேடை

கிரேக்க நாட்டின் படத்தை விரித்து நோக்குவோர்க்கு முதலிற் புலப்படுவன மலைகளே. அவற்றிடையே சிறு சமவெளிகள் ஒடுங்கிக் கிடக்கின்றன. எகிப்தை ஒன்றாக்கிய நைல் போன்றதொரு நதி கிரேக்கர்க்கு வாய்க்கவில்லை. ஆகவே, ஒரு மொழி பேசி, ஒரே தெய்வங்களை வணங்கியும், அம்மக்கள் நூற்றுக்கணக்கான நகர அரசுகளாகப் பிரிந்தே வாழ்ந்தனர்.

பாடநூல்கள் பெரும்பாலும் இவ்வளவோடு நின்றுவிடுகின்றன. ஆனால் வகுப்பிலே கூரிய மாணவன் ஒருவன் எழுந்து, "மலை எல்லோர்க்கும் பொதுவாயின், ஸ்பார்ட்டா படைமுகாமாகவும் ஏதென்ஸ் மக்களாட்சியாகவும் ஆனதேன், ஐயா?" என வினவின் யாது கூறுவோம்?

ஸ்பார்ட்டரிடம் யூரோட்டாஸ் ஆற்றின் வளமான வெளி இருந்தது. மேலும் நிலம் வேண்டியபோது மேற்கே தைகெத்தோஸ் மலையைத் தாண்டி மெசீனியாவைக் கைப்பற்றி, அம்மக்களை ஹெலட்டுகள் எனும் அடிமை உழவராக்கினர். தம்மிலும் பன்மடங்கினரான அவர்களிடம் கொண்ட அச்சமே ஸ்பார்ட்டரை வாளோடு பிணைத்தது.

ஏதென்ஸ் நகரைச் சூழ்ந்த அத்திக்காவிலோ மண் மெலிது. ஒலிவமும் திராட்சையும் விளையும், தானியம் போதாது. கருங்கடற் கரையிலிருந்து அது கப்பலில் வரவேண்டியிருந்தது. கி.மு. 483இல் லோரியன் சுரங்கத்தில் வெள்ளி மிகுந்தபோது, அதனைக் குடிகளுக்குப் பங்கிடாது போர்க்கப்பல் கட்டுமாறு தெமிஸ்தோக்கிளீஸ் சபையை இணங்கச் செய்தார். மூவரிசைத் துடுப்புகள் கொண்ட அக்கப்பல் ஒன்றிற்குத் துடுப்பு வலிப்போர் மாத்திரம் 170 பேர். கவசம் வாங்கப் பொருளற்ற ஏழையும் துடுப்புப் பிடிக்கலாமன்றோ! கி.மு. 480இல் சலாமிஸ் நீரிணையிற் பாரசீகக் கடற்படையை முறியடித்த வெற்றியில் இவ்வேழைகளின் பங்கு பெரிது. நாட்டைக் காத்த கைகளுக்கு ஆட்சியிற் பங்கில்லையென்று அதன்பின் கூறுதல் எளிதாயிருக்கவில்லை. பெண்களுக்கும் அடிமைகளுக்கும் அப்பங்கு கிட்டவில்லை என்பதையும் மறத்தலாகாது.

ஆயினும் நில அமைப்பே விதியென்று நாம் கொள்ளமாட்டோம். கொரிந்து நகர்க்கு இருபுறக் கடலிலும் துறைமுகங்கள் இருந்தன. எனினும் அங்கே நெடுங்காலம் செல்வர் சிலரே ஆண்டனர்.

கடலால் உயர்ந்த ஏதென்ஸ் கடலாலேயே வீழ்ந்தது. கி.மு. 405இல் ஹெலஸ்பொந்து நீரிணையில் அதன் கப்பற்படை அழிய, தானிய வழி அடைபட்டது; மறு ஆண்டு பசியால் நகர் பணிந்தது. ஸ்பார்ட்டாவின் துணையோடு முப்பதின்மர் ஆட்சியைக் கைப்பற்றினர். மக்கட்சபை கூடும் பினிக்ஸ் குன்றிலே பேச்சாளர் நிற்கும் மேடை கடலை நோக்கியிருந்ததாம். முப்பதின்மர் அதனை நிலப்புறம் திருப்பி அமைத்தனர் என்று புளூட்டார்க் எழுதுகிறார். கடலாட்சியே மக்களாட்சியைப் பெற்ற தாய் என்றும், உழவர் சிலராட்சியை அத்துணை வெறுக்கார் என்றும் அவர்கள் கருதினராம்.

மேடையைத் திருப்பியவர்களின் ஆட்சி கி.மு. 403இற் கவிழ்ந்தது.