தேரையை வீட்டில் வளர்க்கலாமா?

மழை பிடித்து கான்களில் தண்ணீர் ஓடத் தொடங்கிவிட்டால், லயத்து இஸ்தோப்பு விளக்கடியில் தேரைகள் வந்து உட்கார்ந்துகொள்ளும். சொறித்தவளை என்றும் சொல்கிறோம். பிள்ளைகள் சும்மா விடுவார்களா? டின்னிலோ போத்தலிலோ பிடித்துப் போட்டு, "அம்மா, நாங்க வளர்க்கப் போறோம்" என்று வந்து நிற்பார்கள். கல்லால் அடிக்காமல் வளர்க்க நினைக்கிறார்களே, நல்ல மனசுதான். ஆனால் டின்னுக்குள் அது பிழைப்பது கஷ்டம்.

தேரை வாயால் தண்ணீர் குடிப்பதில்லை, தோலால் உறிஞ்சிக்கொள்கிறது. டின்னின் அடியில் புல்லுக்கு அடிக்கிற மருந்து மிச்சம் இருந்தால் அதுவும் உள்ளே போய்விடும். (மருந்து வந்த டின் வீட்டுக்கே வரக் கூடாது. அது வேறு கதை.) சோறு, பாண் போட்டாலும் தொடாது. அசைகிற இரையைத்தான் பிடிக்கும். எறும்பு, கறையான், கரப்பான், வண்டு என்று ராத்திரி முழுக்கத் தேடித் தின்னும் பிராணிக்கு நாளுக்கு ஒரு ஈ போதுமா?

அடுத்தது விஷம். கண்ணுக்குப் பின்னால் இரண்டு பக்கமும் தடித்த மேடு தெரியும், பாருங்க. நெருக்கிப் பிடித்தால் அதிலிருந்து பால் மாதிரி கசியும். கண்ணில் பட்டால் எரியும். வயிற்றுக்குள் போனால் இருதயத்தைத் தாக்கும். தேரையைக் கவ்விய நாய் நுரை தள்ளுவது இதனால்தான். மாலை மாதிரி நீளமாகத் தண்ணீரில் கிடக்கிற அதன் முட்டையிலும் விஷம் உண்டு. சின்னப் பிள்ளை வாயில் வைத்துவிட்டால் வாயைக் கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்க. வாந்தி எடுக்கட்டும் என்று உப்புத்தண்ணி கொடுக்காதீங்க. தொட்டால் மரு வரும் என்பது மட்டும் சரியில்லை. மரு வருவது வைரஸ் கிருமியால். தொட்ட கையைச் சோப்பு போட்டுக் கழுவினால் போதும்.

பிள்ளை மெலிந்து, வயிறு உப்பி, கை கால் சூம்பினால் "தேரை விழுந்திருக்கு" என்பார்கள் பெரியவர்கள். மந்திரித்துக் கயிறு கட்டுவதிலேயே நாள் போய்விடும். பாவம், தேரைக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை. போதாத சாப்பாடு, திரும்பத் திரும்ப வரும் வயிற்றோட்டம், வயிற்றுப் பூச்சி இவைதான் பிள்ளையை உருக்குகின்றன. கயிறு மனத்திருப்திக்கு இருக்கட்டும். நிறை அட்டையை எடுத்துக்கொண்டு அந்த வாரமே மிட்வைஃப் அம்மாவிடம் காட்டுங்க.

வளர்த்தே தீருவேன் என்று பிள்ளை அழுதால் ஒரு வழி இருக்கிறது. மரக்கறிப் பாத்தி ஓரத்தில் உடைந்த மண்சட்டியைக் கவிழ்த்து, ஒரு பக்கம் வழி விட்டு வையுங்க. பக்கத்தில் ஆழமில்லாத தட்டில் தண்ணீர் இருக்கட்டும். நுளம்பு முட்டையிடாதபடி தினமும் மாற்ற வேண்டும். பகலில் தேரை அங்கே ஒதுங்கும், ராத்திரி உங்கள் கோவாப் பாத்தியில் பூச்சி பிடிக்கும்.

சிவனொளிபாத மலைக் காட்டை ஒட்டிய தோட்டத்து ஆட்களுக்கு ஒரு வார்த்தை. அழிந்தே போனது என்று எண்ணியிருந்த கண்டிக் குள்ளத் தேரை, 130 வருஷத்துக்கு மேல் கண்ணில் படாமலிருந்து, 2009இல் அந்தக் காட்டில்தான் மறுபடி அகப்பட்டது. சரணாலயத்துக்குள் பிராணிகளைப் பிடிப்பது சட்டப்படி குற்றம். விறகுக்குப் போகிற பிள்ளைகளிடம் ஓடைத் தேரைகளைத் தொட வேண்டாமென்று சொல்லி அனுப்புங்க.