குறிமுறை அறியாதோர்க்கு இணையதளம்: தேர்வு செய்யும் முறை

மும்பை மாநகரின் நடுவே, இரண்டு சதுர கிலோமீட்டருக்குச் சற்று மிகுந்த பரப்பில் அமைந்துள்ள தாராவி, குடிசைப் பகுதி என்றே பலராலும் அறியப்படுகிறது. உண்மையில் அது ஒரு பெருந்தொழிற்களமும் ஆகும். தமிழகத்தின் தென் மாவட்டங்களிலிருந்து குடியேறியோர் வளர்த்த தோல் தொழில், சௌராஷ்டிரத்துக் குயவர்கள் குடியேறிய கும்பார்வாடாவின் மண்பாண்டத் தொழில், ஆயத்த ஆடைத் தையல், பிளாஸ்டிக் மறுசுழற்சி எனப் பல தொழில்கள் அங்கு நடைபெறுகின்றன. எனினும் பொருளைச் செய்பவருக்கும் அதனை வாங்குபவருக்கும் இடையே தரகர் பலர் நிற்கின்றனர். பையைத் தைத்தவரின் பெயர் பெரும்பாலும் பையில் இருப்பதில்லை. வாங்குபவரை நேரில் அடைய இணையதளம் ஒரு வழி. ஆனால் குறிமுறை கற்கச் சிறுதொழில் செய்வோருக்கு நேரமில்லை. நிரலரை அமர்த்தப் பணமும் இல்லை. இவ்விடைவெளியை நிரப்பவே இணையதளம் அமைக்கும் மென்பொருள்கள் தோன்றியுள்ளன.

செயற்படும் விதம்

இணையப் பக்கம் என்பது, எங்கே தலைப்பு, எங்கே படம், எங்கே விலை என்று உலாவிக்குக் கூறும் கட்டளைகளின் தொகுப்பேயாகும். மேற்கூறிய மென்பொருள்களில் இக்கட்டளைகள் வார்ப்புருக்களாக முன்னரே எழுதி வைக்கப்பட்டுள்ளன. பயன்படுத்துவோர் படத்தையும் எழுத்தையும் உரிய இடத்தில் இட்டால் போதும். கட்டளைகளை மென்பொருளே ஆக்கிக் கொள்கிறது.

இம்முறையின் ஆற்றலுக்குத் தாராவியிலேயே சான்று உண்டு. கூகுள் நிறுவனத்தில் தொடங்கப்பெற்று, பின்னர் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தால் நடத்தப்பெறும் 'ஆப் இன்வென்டர்' என்னும் கருவியில், கட்டளைகள் வண்ணக் கட்டைகளாகத் திரையில் இருக்கும். அவற்றைப் பொருத்திச் செல்பேசிச் செயலிகளை உருவாக்கலாம். 'தாராவி டைரி' என்னும் தொண்டு முயற்சியில் பயின்ற சிறுமியர், 2010-களின் நடுப்பகுதியில், இக்கருவியைக் கொண்டே பெண்கள் பாதுகாப்பு, குடிநீர் பிடிக்கும் வரிசை, கல்வி ஆகியவற்றுக்கான செயலிகளை உருவாக்கினர்.

இருவகை மென்பொருள்கள்

இத்தகைய மென்பொருள்களை இரு வகையாகப் பிரிக்கலாம். 2006-இல் தோன்றிய 'விக்ஸ்', 2008-இல் வந்த 'கூகுள் சைட்ஸ்' போன்றவை முதல் வகை. இவற்றில் இடம், பாதுகாப்பு, பராமரிப்பு அனைத்தையும் நிறுவனமே ஏற்கிறது. எல்லா வசதியும் கொண்ட வாடகை வீட்டுக்கு இவற்றை ஒப்பிடலாம்: குடியேறுவது எளிது, விதிகளை வகுப்பவரோ உரிமையாளர்.

2003-இல் வெளிவந்த 'வேர்ட்பிரஸ்' இரண்டாம் வகையைச் சேர்ந்தது. இது கட்டற்ற மென்பொருள்; உலக இணையதளங்களில் ஐந்தில் இரண்டு பங்குக்கு மேல் இதில் இயங்குகின்றன. மென்பொருளுக்கு விலையில்லை, ஆயினும் இணைய இடத்திற்கும் முகவரிக்கும் ஆண்டுதோறும் கட்டணம் செலுத்த வேண்டும். அவ்வப்போது புதுப்பிக்காவிடில் தளம் தாக்குதலுக்கு உள்ளாகலாம். எனினும் இடம் தரும் நிறுவனத்தை மாற்றினாலும் தளத்தை அப்படியே எடுத்துச் செல்ல இயலும்.

ஒரு படிப்பினை

சிறுவணிகர்கள் சில நிமிடங்களில் இலவச இணையதளம் அமைத்துக்கொள்ளும் வசதியைக் கூகுள் 2017-இல் இந்தியாவில் அறிமுகப்படுத்தியது. 2024 மார்ச் மாதத்தில் அவ்வசதி நிறுத்தப்பட்டது. சொந்த முகவரியைப் பதிவு செய்திருந்தோர் அதனை வேறு தளத்துடன் இணைத்துக்கொள்ள முடிந்தது. இலவச முகவரியை மட்டும் நம்பி அதனை விளம்பர அட்டையிலும் பெயர்ப்பலகையிலும் அச்சிட்டிருந்தோரோ புதிய முகவரியை முதலிலிருந்தே பரப்ப வேண்டியதாயிற்று. இலவசம் என்பதாலேயே ஒரு வசதி தீயதாகிவிடாது. ஆனால் அது நிலையானது என்று கருதுவது பிழையாகும்.

தேர்வுக்கான அளவுகோல்கள்

முதலாவதாக, தேவையை வரையறுத்தல் வேண்டும். மாட்டுங்காவில் உணவு விடுதி நடத்துபவருக்கு நேரம், உணவுப் பட்டியல், தொலைபேசி எண் ஆகியவை கொண்ட ஒரு பக்கம் போதும். தாராவித் தோல்பொருள் உற்பத்தியாளருக்குப் படங்கள், அளவுகள், விலை, பணம் பெறும் வசதி ஆகியவை தேவை. செம்பூரில் இயங்கும் ஒரு சங்கத்திற்கோ தமிழிலும் மராத்தியிலும் அறிவிப்புகளை உடனுக்குடன் வெளியிடும் வசதியே முதன்மையானது.

இரண்டாவதாக, முகவரியைத் தம் பெயரிலேயே பதிவு செய்துகொள்ள வேண்டும். தளம் அமைத்துத் தருபவரின் பெயரில் விட்டுவிடலாகாது. 2003-இல் நிறுவப்பட்ட இந்திய தேசிய இணைய இணைப்பகம் 'இன்' என்னும் நாட்டு ஈற்றை நிருவகிக்கிறது. தமிழ் எழுத்துகளிலேயே 'இந்தியா' என முடியும் முகவரிகளும் உண்டு.

மூன்றாவதாக, உள்ளடக்கத்தைப் பிரதியெடுத்து வெளியே கொண்டுசெல்ல இயலுமா என்பதை முன்னரே சோதித்தறிய வேண்டும். நான்காவதாக, முதலாண்டுச் சலுகை விலையை மட்டும் பாராமல், இரண்டாம் ஆண்டுக் கட்டணத்தையும் கேட்டறிதல் நலம். ஐந்தாவதாக, விலை குறைந்த செல்பேசியிலும் பக்கம் விரைந்து திறக்கிறதா, தமிழ் எழுத்துகள் பிழையின்றித் தோன்றுகின்றனவா என்று பார்க்க வேண்டும். இச்சோதனைக்கு ஒருநாள் போதும்.

அரசு அலுவலகங்களில்

அரசு அலுவலர்க்கும் இப்பிரச்சினை உண்டு. தேசியத் தகவலியல் மையம் உருவாக்கிய 'எஸ்-3-வாஸ்' என்னும் அமைப்பில், மாவட்ட நிருவாகங்கள் குறிமுறை அறிவின்றியே தளங்களை அமைத்துப் புதுப்பிக்கின்றன. பார்வையற்றோர் உள்ளிட்ட அனைவரும் பயன்படுத்தத்தக்க வகையில் அரசுத் தளங்கள் அமைய வேண்டும் என்று 2009-இல் முதன்முதலாக வெளியிடப்பட்ட நெறிமுறைகள் கூறுகின்றன. தனியார் சிறுதொழில்களும் இதனைப் பின்பற்றுதல் நன்று.

தாராவி மறுசீரமைப்புக்கான ஒப்பந்தப்புள்ளி 2022 நவம்பரில் முடிவாயிற்று. பட்டறைகள் இடம்மாறும் நிலையில், பழைய வாடிக்கையாளர் கடையைத் தேடி வந்து ஏமாந்து திரும்பக்கூடும். தெருவும் கதவிலக்கமும் மாறினும் மாறாத முகவரி ஒன்று உற்பத்தியாளரின் பெயரிலேயே இருக்குமாயின், அவரது உழைப்பின் பெயர் காக்கப்படும். மென்பொருளின் கவர்ச்சியைக் காட்டிலும், தளம் யார் கையில் உள்ளது என்பதே முதன்மையான வினாவாகும்.