தண்ணியில்லாக் காட்டுல ஒரு எல்.கே.ஜி. டூர்!

'உன்னைத் தண்ணியில்லாக் காட்டுக்கு மாத்திடுவேன்!' - சினிமாவுல மந்திரி இப்படி மிரட்டினார்னா, அடுத்த ஸீன்ல ஹீரோ பஸ்ஸைவிட்டு இறங்குற ஊர் பெரும்பாலும் ராமநாதபுரம் மாவட்டமாத்தான் இருக்கும். சாயல்குடி, கடலாடி, முதுகுளத்தூர் பக்கத்து ஃப்ரெண்ட்ஸ், ஹாஸ்டல்ல இந்தக் கிண்டலைக் கேட்டுக் கேட்டுச் சலிச்சுப்போயிருப்பீங்க. அடுத்த தடவை எவனாவது ஆரம்பிச்சா ஒரே ஒரு கணக்கை மட்டும் சொல்லுங்க. வேடந்தாங்கல் ஏரி சுமார் 30 ஹெக்டேர். சாயல்குடி பக்கத்துல, கடலாடி தாலுகாவுல இருக்கிற மேலச்செல்வனூர் - கீழச்செல்வனூர் பறவைகள் சரணாலயம் 593 ஹெக்டேர்!

1998-ல அறிவிச்ச சரணாலயம் அது. அதுக்கும் முன்னாடியே, 1989-ல, முதுகுளத்தூர் பக்கம் சித்திரங்குடியும் காஞ்சிரங்குளமும் சரணாலயமாயிடுச்சு. அந்த ரெண்டுக்கும் 2022-ல 'ராம்சர்' அந்தஸ்து கிடைச்சது. அதாவது, சர்வதேச முக்கியத்துவம் உள்ள ஈரநிலம்னு அர்த்தம். 2025-ல தேர்த்தங்கல், சக்கரக்கோட்டை கண்மாய்களும் அந்த லிஸ்ட்டுல சேர்ந்தாச்சு. அதே வருஷம் தனுஷ்கோடியில பூநாரைகளுக்குன்னே தனியா ஒரு சரணாலயம். தண்ணியில்லாக் காட்டுக்கு இவ்வளவு நீர்ப்பறவைங்க எதுக்கு வருது? ஐப்பசி, கார்த்திகையில பெய்யுற வடகிழக்குப் பருவமழையைக் கண்மாய் புடிச்சு வெச்சுக்குது. ஆழம் இல்லாத தண்ணி, அதுல மீன், நத்தை, நடுவுல கூடு கட்டக் கருவை மரம். ஒரு நாரைக்கு வேற என்ன வேணும்?

சரி, மேட்டருக்கு வருவோம். இந்தக் கண்மாயில இருந்து நாலஞ்சு கிலோமீட்டர்ல ஒரு பால்வாடியோ நர்சரி ஸ்கூலோ இருக்கும். அங்கே சுவத்துல ஒட்டியிருக்கிற படத்துல பென்குவின் இருக்கும், கூழைக்கடா இருக்காது. மழையைப் 'போ போ'ன்னு விரட்டுற இங்கிலீஷ் ரைம்ஸைப் பிள்ளைங்க கை ஆட்டிக்கிட்டுப் பாடும். ராமநாதபுரத்துல உட்கார்ந்துக்கிட்டு மழையைப் போகச் சொன்னா எப்படி பாஸ்?

எல்.கே.ஜி., யு.கே.ஜி.-ன்னு சொல்றோமே, அந்த 'கே.ஜி.' ஒரு ஜெர்மன் வார்த்தை. குழந்தைகள் தோட்டம்னு அர்த்தம். 1840-ல ஃப்ரோபெல்ங்கிறவர் வெச்ச பேரு. பேருல இருந்த தோட்டம் எப்பவோ காணாமப்போய், பெஞ்சும் ஹோம்வொர்க்கும்தான் மிச்சம். டென்மார்க்ல 1950-கள்லயே எல்லா ஃப்ளாட்டாவ்ங்கிற அம்மா, தினமும் பிள்ளைங்களைக் காட்டுக்குள்ள கூட்டிட்டுப்போய், அதையே பள்ளிக்கூடமா ஆக்கினாங்க. ஜெர்மனியில 1993-ல ஃப்ளென்ஸ்பர்க் நகரத்துல இப்படியொரு காட்டுப் பள்ளிக்கு அரசாங்க அங்கீகாரமே கிடைச்சது. அந்தக் குளிர்லயே முடியுதுன்னா, நம்ம வெயில்ல காலையில ரெண்டு மணி நேரம் முடியாதா?

ஆனா ஒரே ஒரு டூர் பத்தாது. வருஷத்துக்கு ஒரு தடவை வேன்ல ஏத்தி, பறவையைக் காட்டி, பிஸ்கட் குடுத்துக் கூட்டிட்டு வந்தா அது மிருகக்காட்சி சாலை டூர்தான். ஒரே கண்மாய்க்கு, ஒரே வருஷத்துல, மூணு தடவை போகணும். விஷயமே அதுலதான் இருக்கு.

முதல் தடவை ஆவணியில போங்க. தண்ணி இருக்காது, பறவையும் இருக்காது. 'காலி கண்மாயில என்னத்தைக் காட்டுறது?'ன்னு கேட்பீங்க. நாலு வயசுப் பிள்ளைக்கு அதுதான் திருவிழா! பாளம் பாளமா வெடிச்ச மண்ணு, அதுக்குள்ள கையை விட்டா எவ்வளவு ஆழம், மரத்துல பழைய கூடு, கீழே வெறும் நத்தை ஓடு. 'இதைத் தின்னது யாரு?'ன்னு ஒரு கேள்வியைப் போட்டுட்டு வந்துடுங்க. பதில் சொல்லாதீங்க.

ரெண்டாவது தடவை மார்கழியில. அன்னிக்குக் கால் வெச்சு ஓடின இடத்துல இப்ப தண்ணி நிக்கும். நத்தையைத் தின்ன ஆள் அங்கேயே இருப்பார். நத்தை குத்தி நாரை! வாயை மூடினாலும் அலகு நடுவுல ஓர் இடைவெளி தெரியும். பக்கத்துல மஞ்சள் மூக்கு நாரை. அது கண்ணால பார்த்து மீன் பிடிக்கிறதில்லை. திறந்த அலகைத் தண்ணிக்குள்ள வெச்சுக்கிட்டு நடக்கும், மீன் உரசின நொடியில டப்புனு மூடிடும். இதை லெக்சரா எடுத்தா ஒரு பிள்ளையும் கேக்காது. ஒரு வாளித் தண்ணியில நாலு புளியங்கொட்டையைப் போட்டு, கண்ணை மூடிக்கிட்டு ரெண்டு விரலால எடுக்கச் சொல்லுங்க. பிரின்ஸிபாலே க்யூவுல நிப்பார்.

மூணாவது, மாசியில. கூட்டுல குஞ்சுங்க இருக்கிற நேரம். வெயில் ஏறினா அம்மா நாரை சிறகை விரிச்சுக் குடை புடிக்கும், வாயில கொண்டுவந்த தண்ணியைக் குஞ்சு மேல ஊத்தும். பிள்ளைங்க அதைப் பார்த்துட்டு அப்புறம் என்ன பேசுதுன்னு மட்டும் கவனிங்க. நீங்க வாயைத் திறக்கவே வேண்டியிருக்காது.

இப்ப கஷ்டமான பகுதி. சில வருஷம் மழை பொய்க்கும். மார்கழியிலயும் மண்ணு வெடிச்சேதான் கிடக்கும், ஒரு கொக்குகூட வராது. அப்ப டூரைக் கேன்சல் பண்ணலாமா? கூடாதுன்னுதான் நான் சொல்வேன். 'ஏன் வரலை?'ங்கிற கேள்வியை அந்தப் பிள்ளை அங்கே நின்னுதான் கேக்கணும். வரத்துக் கால்வாய் எது, அதுல என்ன முளைச்சுக் கிடக்கு, யாரு வீட்டுச் சுவர் நிக்குதுன்னு கையைக் காட்டிச் சொல்ல வேண்டிய இடம் அதுதான். அதோட அப்பா கரிமூட்டம் போடுறவரா இருக்கலாம். வேலிக்கருவையை வெட்டிக் கரியாக்கித்தான் இந்தப் பக்கம் பல வீட்டுல அடுப்பு எரியுது. அதே மரம் நிலத்தை அடைச்சுக்கிட்டு விவசாயத்தைக் கெடுக்குதுன்னும் சண்டை. அதே மரத்துலதான் நாரையும் கூடு கட்டுது. மரம் வில்லனா, ஹீரோவான்னு பெரியவங்களுக்கே தீர்ப்பு சொல்ல முடியலை. பிள்ளைங்களுக்கு நாம முந்திக்கிட்டுத் தீர்ப்பு எழுத வேண்டாம்.

'இதுல நான் எங்கே வர்றேன்?'னுதானே கேக்குறீங்க. ஓர் அங்கன்வாடியில ஒரு டீச்சர், ஓர் ஆயா. இருபது வாண்டுகளைக் கண்மாய்க் கரைக்குக் கூட்டிட்டுப் போறது அவங்க ரெண்டு பேரால நடக்குற காரியமா? மூணு பிள்ளைக்கு ஒரு பெரிய கை வேணும். அந்தக் கை காலேஜ்லதான் இருக்கு. என்.எஸ்.எஸ்.-ல ரெண்டு வருஷத்துக்கு 240 மணி நேரம் சேவை பண்ணணும் இல்லையா? வழக்கமா கருவையை வெட்டுறதுலயும் சுவத்துக்கு வெள்ளையடிக்கிறதுலயும் போற அந்த நேரத்துல, மூணு காலை நேரத்தை இதுக்கு ஒதுக்கச் சொல்லி உங்க ப்ரோக்ராம் ஆபீஸர்கிட்ட கேளுங்க. பிப்ரவரியில கேம்பஸ் பேர்ட் கவுன்ட்னு, காலேஜ் வளாகத்துப் பறவைகளை எண்ணுற நிகழ்ச்சி ஒண்ணு நடக்குது. பொங்கல் சமயத்துலயும் ஒரு கணக்கெடுப்பு உண்டு. முதல்ல அதுல நாலு பேரைப் பழகிக்கிட்டா, பிள்ளைங்க முன்னாடி முழிக்க வேண்டியதில்லை.

போறதுக்கு முன்னாடி வனத்துறை அலுவலகத்துல அனுமதியும், வீட்டுல சம்மதமும் வாங்கிடுங்க. ஏழு மணிக்கே கிளம்பிடணும், ஒன்பதரைக்குத் திரும்பிடணும். கூடு இருக்கிற மரத்துக்கு அடியில போகக்கூடாது, கரையோட நின்னுக்கணும். பைனாகுலரைச் சின்னக் கண்ணால புடிக்க முடியாது. பேப்பரை உருட்டிக் குழலாக் குடுத்தா போதும். கருவை முள்ளு ரப்பர் செருப்பைத் துளைச்சுக்கிட்டு ஏறும், அதனால எல்லாருக்கும் ஷூ கட்டாயம். அப்புறம் ஒண்ணு, கொலுசு! இருபது பிள்ளைங்க ஜல்ஜல்னு நடந்தா கண்மாயே காலியாயிடும். வேன்ல ஏறும்போதே கழட்டி, எந்தக் கொலுசு யாரோடதுன்னு பேர் எழுதி வெச்சுக்கங்க. இல்லைன்னா சாயங்காலம் அம்மாக்கள்கிட்ட மாட்டிப்பீங்க.